தோற்றவர் வீட்டுக்குப் போகிற அக்கா

தோற்றுப்போனவர்களின் வீட்டுக்குப் போகிற பழக்கம் அக்காவுக்கு இருந்தது. துக்கம் விசாரிக்கிற மாதிரி இல்லை. கையில் பழமோ பிஸ்கட்டோ எடுத்துப் போக மாட்டாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். போவாள், உட்காருவாள், தண்ணீர் கொடுத்தால் குடிப்பாள், அந்த வீட்டில் டிவி ஓடினால் கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு, "சரி, பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்" என்று எழுந்துவிடுவாள். அவ்வளவுதான்.

பேரூராட்சித் தேர்தலில் எங்கள் கடைக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் சுயேச்சையாக நின்றார். ஓட்டு எண்ணிய அன்று மத்தியானத்துக்குள் முடிவு தெரிந்துவிட்டது. அவர் வீட்டு ஓட்டே அவருக்கு முழுசாக விழவில்லை என்று பஜாரில் பேசிச் சிரித்தார்கள். ஜெயித்தவருக்குப் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு தோற்றவர் வீட்டுக்குப் போனாள். மாலை போட்டுக்கொள்வதற்காகக் காலையில் உடுத்திய வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக அவர் ஃபேனுக்கு அடியில் தரையில் படுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"வாம்மா. நீயாவது எனக்குப் போட்டிருப்பே."

"எனக்கு ஓட்டு அனந்தபுரத்துலண்ணா" என்றாள் அக்கா. "இங்க இருந்திருந்தாலும் உங்களுக்குப் போட்டிருக்க மாட்டேன்."

அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்புறம் இன்னாத்துக்கு வந்தே?"

"தோத்துட்டாருன்னு சொன்னாங்க. அதான்."

எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அந்த அம்மாள் கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாள். அவர் ஓட்டுக் கேட்டுப் போன தெருக்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, எந்தத் தெருவில் யார் தன் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். அக்கா நடுவில் பேசாமல் எல்லாத் தெருவையும் கேட்டு முடித்தாள்.

திரும்பி வரும்போது, "பொய்க்காவது போட்டிருப்பேன்னு சொல்லக் கூடாதாக்கா?" என்று கேட்டேன்.

"பொய் சொல்லிட்டா அப்புறம் எப்படி அங்க உக்கார்றது?" என்றாள்.

செஞ்சி பேருந்து நிலையத்தை ஒட்டி இருந்தது நாங்கள் இருவரும் வேலை பார்த்த செல்போன் கடை. கல்லூரி முடித்துவிட்டு வேறு வேலை கிடைக்கும்வரை என்று நான் அங்கே சேர்ந்திருந்தேன். அக்கா எனக்கு முன்பிருந்தே அங்கே இருந்தாள். முப்பதைத் தாண்டியவள். உயரம். பின்னலை மடித்துக் குத்தியிருப்பாள். தினமும் அனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவாள். வேலையில் கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது. போன் திரைக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டினால் மூலையில் ஒரு குமிழாவது நிற்கும். கவர் கேட்டால் வேறு மாடலுக்கானதை எடுத்துக் கொடுப்பாள். ஆனால் எதுவும் வாங்காமல் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள் இல்லையா, அவர்களோடு கடை வாசல்வரை நடந்து வருவாள். வாங்கியவர்களுக்கு பில்லைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

முதலாளிக்கு இது புரியவே இல்லை. "இன்னாம்மா, வாங்கனவனுக்கு ஒரு சிரிப்புகூட இல்ல. வாங்காதவனுக்கு வழியனுப்பு விழாவா?" என்று ஒருநாள் கேட்டார்.

"வாங்கனவங்க சந்தோஷமாத்தானண்ணா போறாங்க" என்றாள்.

ஏன் இப்படி என்று நானும் கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக ஓடி வந்தபோது, எல்லைக்கோட்டை அவள் தொடுவதற்குள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்களாம், ஒருமுறை அப்படிச் சொன்னாள். இன்னொரு சமயம், அவள் நைனா கிணற்றுப் பங்கு வழக்கில் தோற்றுவிட்டு கோர்ட்டிலிருந்து திரும்பிய கதையைச் சொன்னாள். மறுபடி கேட்டபோது, "சும்மாதாண்டி. எனக்கு வேற வேல இல்ல" என்றாள். மூன்றில் எது நிஜம் என்று எனக்குத் தெரியாது. ஓட்டப்பந்தயத்தில் அவள் ஓடவே இல்லை, அன்றைக்குக் காய்ச்சல் என்று அவள் அம்மா பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

அக்காவுக்குப் பைத்தியம் என்று சொல்லத்தக்க ஒன்று இருந்தது. ஒரு ஜப்பானிய அனிமே தொடர். மலைநாடுகள் பல சேர்ந்து ஒரு போட்டி நடத்தும். நாட்டுக்கு ஒருவராக வீரர்கள் ஆளுக்கொரு விளக்கோடு வருவார்கள். விளக்குக்குள் ஒரு பூதம் இருக்கும், அதை ஏவிச் சண்டை போடுவார்கள். யாருடைய விளக்கு அணைகிறதோ அவர் தோற்றவர். தோற்றவர் அரங்கத்தின் மேற்கு வாசல் வழியாக வெளியே போய்விட வேண்டும். இருப்பதிலேயே சின்ன விளக்கோடு வருகிற ஒரு மலைப்பையன்தான் கதாநாயகன். முதல் சீசன் தமிழ் டப்பிங்கில் வந்தது. கடைக்கு வருகிற பையன்கள் எல்லாம் பார்த்தார்கள். எல்லோருக்கும் அந்த மலைப்பையனைத்தான் பிடிக்கும். செல்போன் கவரில்கூட அவன் படம் விற்றது.

அக்காவின் கவனம் வேறு இடத்தில் இருந்தது. முதல் சுற்றிலேயே தோற்றுப்போன ஓர் ஓடக்காரி அதில் வருவாள். ஆற்றுநாட்டுக்காரி. அவள் சண்டை வந்த வேகத்தில் முடிந்துவிடும். விளக்கு அணையும், மேற்கு வாசல் திறக்கும், அவள் போவாள், வாசல் மூடும். பையன்கள் அந்த எபிசோடை மறந்தே போயிருந்தார்கள். அக்கா சீசன் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தாள்: "அந்தப் பொம்பள எங்க போனா? வாசலத் தாண்டி இன்னா இருக்குது? ஒரு வாட்டியாவது காட்ட வேணாமா?"

"அவ காலிக்கா. கதையே இனிமேதான்" என்பான் எவனாவது ஒருவன்.

"காலின்னா? ஆளு செத்துட்டாளா?"

"சாவல. தோத்துட்டா."

"அப்ப எங்கயோ இருக்கா இல்ல?"

இரண்டாவது சீசன் வந்தபோது அதற்குத் தமிழ் இல்லை. ஜப்பானியப் பேச்சும் கீழே இங்கிலீஷ் எழுத்தும்தான். பையன்களில் பாதிப் பேர் விட்டுவிட்டார்கள். அக்கா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓர் எபிசோட் வரும். ஒவ்வொரு வரிக்கும் படத்தை நிறுத்தி, எழுத்துக்கூட்டிப் படித்து, பிறகு ஓடவிடுவாள். ஒரு சண்டை முடிவதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும். அவளுக்கு உதவியாக வந்து சேர்ந்தவள் முதலாளியின் மகள் பவித்ரா. பன்னிரண்டாவது முடித்துவிட்டு மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். கோச்சிங் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் கடைக்குள் நுழைவாள். கவுண்டருக்குப் பின்னால் இருவரும் ஒரே ஸ்டூலில் ஒட்டி உட்கார்ந்துகொள்வார்கள். பவித்ரா எழுத்தைப் பார்த்து மளமளவென்று தமிழில் சொல்லுவாள். அக்கா படத்தைப் பார்ப்பாள். வீட்டில் தெரிந்தால் பிரச்சினை என்பதால் முதலாளி கண்டும் காணாத மாதிரி இருந்தார். மகள் சிரிக்கிற சத்தம் கேட்கிற இடம் அது ஒன்றுதான் என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

அக்காவின் பழக்கத்தை எல்லோரும் விரும்பினார்கள் என்று சொல்ல முடியாது. பொங்கலுக்கு நடந்த கபடிப் போட்டியில் தோற்ற தொண்டூர்ப் பையன்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தபோது இவள் போய் வேனுக்குப் பக்கத்தில் நின்றாள். "இன்னாக்கா, வேடிக்கையா?" என்று ஒருவன் சண்டைக்கே வந்துவிட்டான். நாளாக ஆக பஜாரில் ஒரு மாதிரிப் பேச்சு வந்தது. பேக்கரி வைத்திருந்த ஒருவருக்கு வியாபாரம் படுத்துவிட்டது. கடையை மூடுவதா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில் அக்கா எதேச்சையாக பன் வாங்கப் போயிருக்கிறாள். "நீ வந்து நிக்கறயா? அப்ப முடிஞ்சிடுச்சு" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். அவள் அதற்குப் பிறகும் அந்தக் கடைக்குப் போனாள், மூடிய மறுநாள்.

தேர்வு முடிவு வந்த வாரம் பவித்ரா கடைக்கு வரவில்லை. முதலாளியும் ஒழுங்காக வரவில்லை. வந்தால் கல்லாவில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடையில் சாமான் இறக்க வருகிற ஆள் மூலமாக விஷயம் வந்தது. இந்த முறையும் சீட் கிடைக்கவில்லை. பெண் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறாள். சாப்பாட்டுத் தட்டு வைத்தபடியே திரும்பி வருகிறது. முதலாளியின் மனைவி, ஓனரம்மா என்போம், அக்கம்பக்கத்தில், ரிசல்ட் இன்னும் வரவில்லை, தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு கடையைச் சாத்திவிடுவோம். சாவியை முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது என் வேலை. அன்றைக்கு அக்காவும் கூட வந்தாள். திருவண்ணாமலை ரோட்டிலிருந்து பிரிகிற தெருவில் மாடி வீடு. ராஜகிரி மலை முழுசாகத் தெரிகிற மாடி ஜன்னல் சாத்தியிருந்தது. ஓனரம்மா கேட்டுக்கு வந்து சாவியை வாங்கிக்கொண்டாள்.

"பவித்ராவப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள் அக்கா.

ஓனரம்மாவின் முகம் மாறிவிட்டது. "எதுக்கு?"

அக்கா வந்து நிற்பதற்கு என்ன அர்த்தம் என்று பஜாரில் எல்லோருக்கும் தெரியும். ஓனரம்மாவுக்கும் தெரியும்.

"அவ தூங்கறா. போய்ட்டு வாங்க" என்று கேட்டைச் சாத்திப் பூட்டைப் போட்டாள்.

அக்கா கேட்டுக்கு முன்னால் வண்டி ஏற்றுவதற்காகப் போட்டிருந்த சிமெண்ட் சரிவில் உட்கார்ந்துவிட்டாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வாக்கா, போலாம்."

"பஸ்ஸுக்கு நேரம் இருக்குது."

எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் எங்களைப் பார்த்தாள். அக்காவை அவளுக்கு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். கொடியை விட்டுவிட்டு அவள் வாசலுக்கே வந்துவிட்டாள். "ஏம்மா, ரிசல்ட்டு வந்துடுச்சா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டாள். அக்கா, "எனக்குத் தெரியாதுங்க" என்றாள். ஆனால் அவள் உட்கார்ந்திருந்ததே போதுமானதாக இருந்தது. அடுத்த வீட்டிலும் கதவு திறந்தது. கேட்டுக்கு உள்ளே ஓனரம்மா நிற்கிற நிழல் தெரிந்தது. ஒரு வாரமாக அந்த அம்மாள் கட்டிக் காப்பாற்றி வைத்திருந்த ஒன்று கண்ணெதிரே சரிந்துகொண்டிருந்தது. எனக்கு அவளை நினைத்துத்தான் அப்போது கஷ்டமாக இருந்தது.

அக்கா பையிலிருந்து செல்போனை எடுத்தாள். அந்த வார எபிசோட் வந்திருந்தது. சத்தத்தை முழுசாக வைத்து ஓடவிட்டாள். தொடரின் ஆரம்பப் பாட்டு தெரு முழுக்கக் கேட்டது.

சொல்லி வைத்தது போல அந்த வாரம் ஓடக்காரி வந்தாள். அரங்கமோ போட்டியோ காட்டவே இல்லை. ஆற்றில் அவள் ஓடம் விடுகிறாள், கயிறு முறுக்குகிறாள், கரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அணைந்துபோன விளக்கில் எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறாள், கயிற்றுக்குத் தடவ. அவள் ஓடத்தில் மலைப்பையன் ஆற்றைக் கடக்க வருகிறான். ஒன்றுமே நடக்காத எபிசோட் என்று பையன்கள் பிறகு திட்டினார்கள். அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இருக்காடி. நான் சொன்னேன் இல்ல, எங்கயோ இருக்கான்னு."

எதிர்க்கரையில் ஒரு படை நிற்கிறது. தளபதி கையை ஆட்டிக் கத்துகிறான். அக்கா படத்தை நிறுத்தி எழுத்துக்கூட்டினாள். சத்தமாகத்தான் படித்தாள்.

"ட்ரீட்... ட்ரீட்டுன்னு கத்தறான். ஜெயிச்சதுக்கு எல்லாரும் ட்ரீட் கேக்கறாங்க போல."

நான் வாயைத் திறப்பதற்குள் மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. பல நாள் பேசாத தொண்டையிலிருந்து வருகிற கரகரத்த குரல்.

"ரிட்ரீட்டுக்கா."

மாடி ஜன்னல் ஒரு கை அகலம் திறந்திருந்தது.

"பின்வாங்கச் சொல்றாங்க. ட்ரீட் இல்ல."

"அப்டியா?" என்றாள் அக்கா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "அடுத்தது இன்னாவோ நீளமா போட்டிருக்குது. எழுத்து பொடிசா இருக்குது."

"தூக்கிக் காட்டு."

அக்கா செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். "தெரியுதா?"

"இல்ல."

"அப்ப நீதான் வரணும். நான் மேல வர முடியாது, கேட்டு பூட்டியிருக்குது."

ஜன்னல் அப்படியே இருந்தது. அக்கா கையை இறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. பவித்ரா கேட்டுக்கு உள்ளே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தலை வாராமல் முகம் வீங்கி இருந்தாள். அக்கா செல்போனைக் கம்பிக்கு நடுவே சாய்த்து வைத்தாள். அவள் படித்துச் சொல்ல, இவள் பார்க்க, எபிசோட் முடிகிறவரை இரண்டு பேரும் வேறு எதையும் பேசிக்கொள்ளவில்லை. தெரு வேடிக்கை பார்த்தது. ஓனரம்மா பூட்டைத் திறக்கவும் இல்லை, மகளை உள்ளே போகச் சொல்லவும் இல்லை.

முடிந்ததும் பவித்ரா திரும்பி, "அம்மா, பசிக்குது" என்றாள்.

ஓனரம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கு அருகில் வந்தாள். "இன்னொரு வாட்டி இந்தத் தெருப் பக்கம் வந்துடாத" என்று அக்காவிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு மகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள்.

பேருந்து நிலையத்தில் நான் கேட்டேன். "நீ வேணும்னேதானக்கா தப்பா படிச்சே?"

"எத?"

"ரிட்ரீட்ட."

"அது நெசமாவே ட்ரீட் மாதிரிதானடி இருந்துச்சு" என்றாள். அவள் முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் முதலாளி அவளைக் கூப்பிட்டுப் பேசினார். சத்தம் போடவில்லை. "எம் பொண்ணு சாப்ட்டுச்சு. அதுக்கு உன்னக் கையெடுத்துக் கும்புடணும். ஆனா வீட்ல உன் பேரச் சொன்னாலே டென்ஷன் ஆவுது. தெருவே வந்து விசாரிக்கிதாம். நீ வேற எடம் பாத்துக்கம்மா" என்றார். சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. அக்கா சரி என்றாள். பிளக்கில் இருந்த தன் சார்ஜரைப் பிடுங்கிச் சுற்றி, சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். நான் பஸ் ஏற்றிவிடப் போனேன். வழி முழுக்க ஓடக்காரியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

சீசன் இன்னும் சில வாரங்கள் ஓடியது. கடைசி எபிசோடை நான் வீட்டில் தனியாகப் பார்த்தேன். அதற்குள் எனக்கும் அந்தத் தொடர் பிடித்துப்போயிருந்தது. அடுத்த சில நாட்களில் பவித்ரா கடைக்கு வந்து, அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து, "அக்கா வீடு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். லைப்ரரிக்குப் போவதாக அவள் வீட்டில் சொல்லியிருந்தாள். இருவரும் அனந்தபுரம் பஸ்ஸில் ஏறினோம்.

கடைத்தெரு தாண்டி உள்ளே போகிற சந்தில் வீடு. வாசலில் அவள் அம்மா மணிலாக்கொட்டை உடைத்துக் கடலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இன்னா, ரெண்டு பேரும்?"

"சும்மா, பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்க்கா" என்றாள் பவித்ரா.

நான் அக்காவின் முகம் அப்படி இறுகிப் பார்த்ததே இல்லை. "எதுக்கு? எனக்கு இன்னா ஆயிடுச்சு? திண்டிவனத்துல ரெண்டு கடையில வா வான்னு கூப்டறாங்க. நான்தான் யோசிச்சுனு இருக்கேன்."

"யாரு கூப்ட்டாங்க?" என்று அவள் அம்மா கொட்டையிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"நீ சும்மா இரும்மா."

உள்ளே போனோம். தண்ணீர் கொடுத்தாள். எங்கள் எதிரில் அவளால் உட்கார முடியவில்லை. மடித்து வைத்திருந்த துணிகளை எடுத்து மறுபடி மடித்தாள். டிவியைப் போட்டாள், சேனலை மாற்றினாள், சத்தத்தைக் கூட்டினாள். ஊர் வீடுகளிலெல்லாம் போய் அசையாமல் உட்கார்ந்திருந்தவள் அவள்தானா என்று இருந்தது. பவித்ராவை வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். அந்தப் பெண் தண்ணீரைக் குடித்தாள். டிவியைப் பார்த்தாள். வேலையைப் பற்றியோ அம்மாவைப் பற்றியோ, நன்றி என்றோ ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரிக்கா" என்று எழுந்தாள்.

அக்கா எங்களோடு பஸ் நிறுத்தம்வரை வந்தாள். பஸ் வந்தது. நாங்கள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தோம். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகரத் தொடங்கியபோது அக்கா திடீரென்று கம்பியைப் பிடித்து ஏறிவிட்டாள். நைட்டியும் துண்டும்தான். கையில் பர்ஸ்கூட இல்லை.

"எங்கம்மா?" என்றார் கண்டக்டர்.

"செஞ்சி."

நான் டிக்கெட் எடுத்தேன். பவித்ரா நகர்ந்து இடம் கொடுத்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு அக்கா முன்சீட்டின் முதுகைப் பார்த்தபடி, "கடைசி எபிசோட் பாத்தியா?" என்றாள்.

"அம்மா ஃபோன வாங்கி வச்சிக்கிட்டாங்க."

"சொல்லட்டா?"

"சொல்லு."

சொல்ல ஆரம்பித்தாள். பஸ் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அரங்கம், கூட்டம், மலைப்பையனின் சின்ன விளக்கு, எதிரே சாம்பல் நிறப் போர்வை போர்த்திய புது வீரன், அவன் விளக்கிலிருந்து கிளம்பிய காற்றுப் பூதம். அடிக்கு அடி சொன்னாள். பின்சீட்டில் காலிப் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கம்பியைப் பிடித்து நின்றிருந்த ஒரு ஆளும் கழுத்தைத் திருப்பினார்.

"அணைஞ்சிடுச்சா?" என்றாள் பூக்கார அம்மாள்.

"அணைஞ்சிடுச்சு" என்றாள் அக்கா. "போன சீசன்ல ஜெயிச்ச பையன். எல்லாரும் அவன் பேரச் சொல்லிக் கத்தினவங்க. இப்ப அந்தப் பக்கம் திரும்பிக் கை தட்டறாங்க. இவன் மேக்கால வாசல்ல வெளிய வரான். தெருவுல ஒருத்தரும் இல்ல. எல்லாம் உள்ள இருக்குது. இவன் பாட்டுக்கு நடக்கறான். ஆறு வருது. கரையில ஓடக்காரி உக்காந்துனு இருக்கா. அவனப் பாக்கறா. ஒண்ணும் கேக்கல. ஏறுன்னா. ஏறிக்கினான்."

அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குனிந்துவிட்டாள். தோள் குலுங்கியது. பவித்ரா அவளைத் தொடவில்லை. நகர்ந்தும் உட்காரவில்லை. ஜன்னலுக்கு வெளியே பாறைகளும் கரும்பும் போய்க்கொண்டிருந்தன.

பூக்கார அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அப்புறம் இன்னா ஆச்சு? அந்தப் புள்ள ஊடு போய்ச் சேந்துச்சா?"

அக்கா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள். "சேந்துட்டான்" என்றாள்.

செஞ்சியில் நாங்கள் இறங்கினோம். அவள் இறங்கவில்லை. அதே பஸ் திரும்பிப் போகுமா என்று டிரைவரிடம் கேட்டு வைத்துக்கொண்டாள். திரும்பிப் போகிற டிக்கெட்டுக்கு என்னிடம் சில்லறை வாங்கிக்கொண்டாள். அந்த மாதமே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏதோ கம்பெனியில் சேர்ந்து, ஹாஸ்டலில் தங்கிக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன். ஒருமுறை போனில் பேசினோம். அங்கே லைனில் தன்னோடு நின்ற ஒரு பெண்ணை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், அவள் ஊர் ஜெயங்கொண்டம், எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று கேட்டாள். எனக்கும் பிறகு சென்னையில் வேலை கிடைத்தது. அவள் நம்பர் மாறிவிட்டது.

அந்தக் கடைசி எபிசோடை நான் முன்பே பார்த்திருந்தேன் என்று சொன்னேன் அல்லவா. விளக்கு அணைந்ததும் படம் ஜெயித்தவன் பக்கம் போய்விடும். பூ கொட்டுகிறது, அவனைத் தோளில் தூக்குகிறார்கள், பாட்டு வருகிறது, பெயர்கள் ஓடுகின்றன. மேற்கு வாசல் திறக்கவே இல்லை. ஆறும் இல்லை, ஓடக்காரியும் இல்லை. எழுத்தைத் தப்பாகப் படித்துவிட்டாள் என்றும் சொல்ல முடியாது. அந்த இடத்தில் வசனமே கிடையாது.

நான் இதைப் பவித்ராவிடம் சொல்லவில்லை. அவள் அடுத்த வருடம் நர்சிங்கில் சேர்ந்தாள். போன் கைக்கு வந்தவுடன் அந்த எபிசோடைப் பார்த்துவிட்டதாக, நான் சென்னைக்குப் போவதற்கு முன் ஒருநாள் கடைக்கு வந்து சொன்னாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"சுமார்தான்" என்றாள். "அக்கா சொன்னதுல பாதிகூட அவங்க எடுக்கல."